ரஞ்சன்குடிக் கில்லேதார் யார் பக்கம்?

அச்சிட்ட கதைப் புத்தகம் ஒன்றை ஒருவர் மட்டும் சிரத்தையுடன் படித்து வைத்துக்கொண்டு, அதை ஏறெடுத்தும் பாராத நான்கைந்து நண்பர்களை வட்டமாக உட்கார வைத்து, அந்தக் கதைக்குள்ளே அவர்களை இறக்கிவிட்டு, ‘இனி என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு காரியமில்லாத ஒரு விளையாட்டு, உலகத்தின் பல பாகங்களில் அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. சதுரங்கத்தைப் போல இதில் ஜயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. நாடகத்தைப் போலப் பார்த்து ரசிக்க ஒரு சபையும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை, வீரனையோ திருடனையோ மந்திரவாதியையோ, தமக்கென்று வரித்துக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் வாயால் பேசி, அதன் புத்தியால் யோசித்து, எண்ணிய காரியம் பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் எழும் இடத்தில் இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்க்கிறார்கள். மற்ற சகலமும், அதாவது மழையும் மலையும், சத்திரக்காரனும் சேனாதிபதியும், பூட்டிய கதவும் அதற்கு அப்பால் உறுமுகிற மிருகமும், புத்தகத்தைப் படித்த அந்த ஒருவரின் பொறுப்பு. அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். ஆடுகிறவர்கள் சுருக்கமாக டி.எம். என்பார்கள். ஆட்டம் தொடங்கும் சாயங்காலத்துக்கு முன்பு அவர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தத்தையும், அந்த ஆயத்தத்தைப் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் உட்கார்ந்து செய்கிறவருக்கு வாய்க்கக்கூடிய சில விசேஷ சௌகரியங்களையும் பற்றியது இந்தக் கட்டுரை.

1974ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. அந்தப் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் விதிகள்; கதையை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஆசிரியர்களின் அபிப்பிராயம். ஆனால் கதை கட்டுவதற்கு எல்லோருக்கும் அவகாசம் இருப்பதில்லை. 1978 முதல், அந்தப் பெட்டியை வெளியிட்ட நிறுவனமே ஆயத்தக் கதைகளைத் தனித்தனிச் சிறு நூல்களாக அச்சிடத் தொடங்கியது. மாட்யூல் என்று அவற்றைச் சொன்னார்கள். மறு வருஷம் கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற நூல், ஆரம்ப ஆட்டக்காரர்களுக்கான பெட்டியிலேயே சேர்த்து விற்கப்பட்டதனால் ஏராளமான வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. 1983இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதிகள் இயற்றிய ‘ரேவன்லாஃப்ட்’ வந்தது. அதில் ஆட்டத்தின் நடுவே சீட்டுகளைப் போட்டுப் பார்த்து, முக்கியமான பொருள்கள் மாளிகையின் எந்தெந்த மூலையில் இருக்கின்றன என்பதை நிர்ணயித்துக்கொள்வதால், ஒரே புத்தகம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக நடக்கும். 2014இல் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’ இன்றைய தலைமுறையில் பலருக்கும் முதற்பாடம். 2022இல் வெளியான ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டாடல்’ என்ற தொகுப்பில், கல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் என்ற எழுத்தாளர் வங்காளத்து நதிக்கரைகளின் சாயலில் ஒரு சாகசம் எழுதியிருக்கிறார். தமிழ்ச் சீமையின் சாயலில் ஒன்றை எழுத வேண்டியவர் இப்பொழுது எங்காவது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இந்த வித்தை நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று நான் ஒப்பமாட்டேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றி வைத்துச் சென்ற நாடகங்களை இன்றைக்கும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடத்துகிற ‘ஸ்பெஷல் நாடக’க் கலைஞர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்லர்; ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி வந்து, ஒத்திகை என்பதே இல்லாமல், அன்றிரவே மேடையேறுகிறவர்கள். ‘வள்ளி திருமணம்’ என்றால் வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் உண்டு என்பது இருவருக்கும் தெரியும். அந்தத் தர்க்கம் அரை மணியில் முடியுமா இரண்டு மணி நேரம் ஓடுமா என்பது எதிராளியின் வாக்குச் சாதுரியத்தையும், கீழே உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் உற்சாகத்தையும், ஆர்மோனியக்காரரின் மனநிலையையும் பொறுத்தது. சுவாமிகளின் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் அவர்களைக் காப்பாற்றுவது அந்த மனப்பாடம் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. வள்ளிக்கு என்ன வேண்டும், வேலனுக்கு என்ன வேண்டும் என்பது நெஞ்சிலே படிந்திருப்பதனால்தான், எதிராளி எந்தக் கேள்வியைப் போட்டாலும் பதில் அந்தப் பாத்திரத்தின் வாயிலிருந்தே பிறக்கிறது. அச்சிட்ட சாகசத்தை நடத்தப் போகிறவருக்கு இதைவிடச் சிறந்த குருமார்கள் அமெரிக்காவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏனெனில் புதிதாக நடத்தத் தொடங்குகிறவர் எல்லோரும் முதலில் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிக்கிறார்கள். ஏழாம் நம்பர் அறையில் எத்தனை நாற்காலி, பெட்டிக்குள் எத்தனை வெள்ளிக் காசு, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பனவற்றை எல்லாம் உருப்போட்டுக்கொண்டு, பாத்திரங்களின் மனத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். நாற்காலிகளின் கணக்கு மறந்துபோனால் புத்தகம் கையிலேயே இருக்கிறது, புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பாத்திரத்தின் உள்நோக்கத்தை அந்தச் சமயத்தில் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் முதல் வாசிப்பை நாவல் படிப்பது போல ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுத்துக்கொண்டு, கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுவது உத்தமம்: இவருக்கு என்ன வேண்டும், எதற்கு அஞ்சுகிறார், ஆட்டக்காரர்கள் யாரும் வந்து குறுக்கிடாவிட்டால் நாளை என்ன செய்வார். அந்த மூன்றாவது கேள்வி பலரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி. என் அபிப்பிராயத்தில் மற்ற இரண்டையும்விடப் பயனுள்ளது அதுதான்.

‘லாஸ்ட் மைன்’ நூலின் முதல் குகையிலேயே இதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. (அந்தக் கதையை ஆட உத்தேசித்திருக்கும் வாசகர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடுவது நல்லது.) குகைக்குள்ளே காப்ளின் என்னும் குள்ளப் பூதங்களின் கூட்டம் ஒன்று, அவற்றுக்குத் தலைவன் கிளார்க், அவனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் யீமிக் என்பவனுக்கோ தலைவனாக வேண்டும் என்ற ஆசை. ஒரு கைதியைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, கிளார்க்கைத் தீர்த்துவிட்டு வந்தால் கைதியை விடுவதாக அவன் நம்மவர்களிடமே பேரம் பேசுகிறான். இந்த ஒரு விருப்பத்தை நடத்துபவர் மனத்தில் வாங்கிக்கொண்டிருந்தாரானால், குகையின் வரைபடத்தை அவர் பாதி மறந்தாலும் ஆட்டம் ரஸமாக நடக்கும். வாங்கிக்கொள்ளவில்லையென்றால், வரைபடத்தை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தும், கத்தியை வீசுவதும் பகடையை உருட்டுவதுமாகவே சாயங்காலம் கழிந்துபோகும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. கர்நாடக நவாபுகளின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் கட்டியதென்று சொல்லப்படும் அந்தக் கோட்டை, வெவ்வேறு மட்டங்களில் மூன்று சுற்று மதில்களும், அரைவட்டக் கொத்தளங்களும், அகழியும், உச்சியில் கோட்டைமேடும், கீழே பேட்டையும், பூமிக்கடியில் அறைகளும், மசூதியுமாக, சாகச நூல்களில் வருகிற வரைபடங்களைப் பார்த்துக் கட்டியதுபோலவே இருக்கிறது. இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கைகாக்ஸ் தம் ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ நூலில் எல்லைப்புறத்துக் கோட்டை ஒன்றையும், அதற்குச் சற்றுத் தூரத்தில் குகைகள் நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்றையும் வைத்து, கோட்டையில் வசிக்கும் தலைவர், பூசாரி, சத்திரக்காரர் முதலியோருக்குப் பெயர்கூட இடாமல், அதையெல்லாம் நடத்துபவரின் கற்பனைக்கே விட்டுவிட்டார். அந்த அநாமதேயக் கோட்டையை ரஞ்சன்குடியில் கொண்டுவந்து இறக்கிவிடுவதற்கு வேண்டிய சகல சாமக்கிரியைகளும் 1751ஆம் வருஷத்து விருத்தாந்தத்திலேயே கிடைக்கின்றன.

அந்த வருஷம் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. பிரெஞ்சுக்காரர்களின் பக்கபலத்தோடு சந்தா சாகிப் ஒருபுறம்; ஆங்கிலேயரின் பக்கபலத்தோடு முகம்மது அலி மறுபுறம். திருச்சிராப்பள்ளியை நோக்கி இறங்கும் ராஜபாட்டையில், அக்காலத்து ஆங்கிலேயர் ‘வால்கொண்டா’ என்று எழுதிய இந்தக் கோட்டையருகே இரண்டு சேனைகளும் வந்து பாளையம் இறங்கின. ஆங்கிலேயப் படைக்குத் தலைவர் காப்டன் ஜிஞ்ஜன்ஸ். பிற்காலத்தில் பிளாசி யுத்தத்தில் பிரசித்தியடைந்த ராபர்ட் கிளைவ் அந்தப் படையோடு கூட வந்திருந்த இளைஞர்களில் ஒருவர். கோட்டை யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பாட்டை கிடைக்கும். கோட்டையோ அதன் தலைவரான கில்லேதாரின் கையில். கில்லேதார் என்ன செய்தார்? இரண்டு பக்கத்துத் தூதர்களையும் மரியாதையாக வரவேற்றார். இரண்டு பக்கத்துக்கும் இனிப்பாகப் பேசினார். ஒருவருக்கும் கதவைத் திறக்கவில்லை. எந்தக் கை ஓங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் வரையில் வார்த்தையாலேயே நாட்களைக் கடத்தினார். கடைசியில் பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டையைத் தாக்கித் தீ வைத்தார்கள், கற்கோட்டை அசையவில்லை, கில்லேதார் உடனே சந்தா சாகிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டார். அடுத்து நடந்த கைகலப்பில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் திடீரென்று பீதி கொண்டு பின்வாங்க, அதிகாரிகள் மன்றாடியும் நிற்காமல், அந்தச் சேனை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சி நோக்கித் திரும்பியது.

யுத்தத்தின் முடிவை விட்டுத் தள்ளுங்கள். அந்தக் கில்லேதாரைப் பாருங்கள். அவருக்கு என்ன வேண்டும்? ஜயிக்கிற பக்கத்தில் இருக்க வேண்டும். எதற்கு அஞ்சுகிறார்? தோற்கிற பக்கத்தில் இருந்துவிட்டோமோ என்று அஞ்சுகிறார். யாரும் குறுக்கிடாவிட்டால் நாளை என்ன செய்வார்? இன்று செய்ததையே செய்வார்: ‘தங்கள் எஜமானருக்கு என் சலாம், நாளை பேசலாம்’ என்று சொல்லியனுப்புவார். இந்த மூன்று வரிகளை எழுதிக்கொண்டவருக்கு வேறு எந்த வசனமும் தேவையில்லை. ஆட்டக்காரர்கள் முகம்மது அலியின் தூதராக வந்தாலும், சந்தா சாகிப்பின் ஒற்றர்களாக வந்தாலும், இருவருக்கும் சம்பந்தமில்லாத பட்டு வியாபாரிகளாக வந்து சுங்கம் குறைக்கச் சொல்லி மன்றாடினாலும், கில்லேதார் எப்படிப் பதில் சொல்வார் என்பது தானாகவே தெரியும்.

“ஐயா, எங்கள் நவாபுடைய பெரும்படை ஊட்டத்தூரைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது, நாளை மறுநாள் இங்கே இருக்கும்” என்று ஓர் ஆட்டக்காரர் துணிந்து ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் அப்படியொரு பொய்க்கு இடமே இல்லை. மனப்பாடம் செய்தவர் திகைத்துப்போய்ப் பக்கங்களைப் புரட்டுவார். கில்லேதாரின் அச்சத்தை அறிந்தவரோ, தாடியைத் தடவிக்கொண்டு, “பெரும்படையென்றால் எத்தனை பீரங்கி, அப்பா?” என்று மெதுவாகக் கேட்பார். மேஜையைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரித்திரம் வேறுவிதமாக நடந்ததே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்று நடந்ததை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுவது இந்த விளையாட்டின் நோக்கமல்ல. உங்கள் ஆட்டக்காரர்கள் கில்லேதாரைத் தம் பக்கம் இழுத்துவிட்டால், ஜிஞ்ஜன்ஸின் சிப்பாய்கள் ஓடவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்; போகட்டும். சரித்திரப் பேராசிரியர்கள் ஆட்சேபித்தால் அவர்களுக்கும் ஒரு பாத்திரம் கொடுத்து உட்கார்த்திவிடலாம்.

அயல்நாட்டு நூலின் இடங்களை நம் இடங்களாக மாற்றிக்கொள்வதில் வெறும் சுதேசாபிமானத்தைத் தவிர வேறொரு லாபமும் உண்டு. பைன் மரக்காட்டையும் பனி மூடிய கணவாயையும் நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. ஆகையால் அவற்றைப் புத்தகத்தின் வார்த்தைகளாலேயே வர்ணிக்க வேண்டியிருக்கிறது, வர்ணித்தபின் ஆட்டக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் தெரியாமல் போகிறது. காரை, குளக்காநத்தம் பக்கத்துச் செம்மண் மேடுபள்ளங்களில், மழை அரித்த ஓடைகளுக்குள், ஒரு காலத்துக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடப்பதைக் கண்ணால் கண்டவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘ஓடைக்குள் ஒளிந்துகொள்ள முடியுமா?’ என்று கேட்டால், முடியும், ஆனால் மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தலை தெரியும் என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். 1751இல் தோற்ற சேனை ஒதுங்கிய அதே ஊட்டத்தூரின் பெயரைத்தான் நூறு வருஷத்துக்குப் பிறகு பூகர்ப்ப சாஸ்திரிகள் இங்குள்ள கிரிடேஷியஸ் காலத்துப் பாறைவரிசைகளில் ஒன்றுக்கு இட்டார்கள்; மற்றொன்றுக்கு அரியலூரின் பெயர். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தியது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். மந்திரவாதியின் சாபத்தால் கல்லான மரம் என்று எந்த மேல்நாட்டு ஆசிரியராவது கற்பனை செய்திருந்தால், கொஞ்சம் மிகையாக இருக்கிறதே என்று நாமே சொல்லியிருப்போம்.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கதைக்களமாக்கும் ஆசை எல்லோருக்கும் தானே வரும். ராஜேந்திர சோழனின் கோயில் நிற்க, அரண்மனை மட்டும் மாளிகைமேடு என்ற மண்மேடாகிவிட்டது. கோயில் மதிலின் கற்களையும் 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதைவிட ஆகர்ஷணமாகப்படுவது அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேடு. அங்கே கண்டெடுத்த ராட்சத எலும்புகளை வைத்து, 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று ஒரு பிராணிக்குப் பெயரிட்டார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஓயாததற்குக் காரணம், அந்த எலும்புகள் பிற்பாடு சிதைந்து இல்லாமலே போய்விட்டன; எஞ்சியவை படங்களும் வர்ணனையும்தான். காணாமற்போன எலும்பு, மிச்சமிருக்கும் ஒரு படம், அதை நம்புகிறவர், நம்பாதவர்: துப்பறியும் சாகசத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

துப்பு என்றதும் சொல்லவேண்டிய ஒரு விதி உண்டு. ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008இல் எழுதி, நடத்துபவர்களிடையே பரவலாக அங்கீகரிக்கப்பட்ட விதி அது: ஆட்டக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தே தீரவேண்டும் என்றால், அந்த முடிவைக் காட்டும் துப்புகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒன்றை அவர்கள் தேடவே மாட்டார்கள். ஒன்றைக் கண்டும் அலட்சியம் செய்வார்கள். மூன்றாவதைத் தவறாக அர்த்தம் செய்துகொண்டு, அந்தத் தவறான அர்த்தத்தின் வழியாகவே எப்படியோ சரியான இடத்துக்கு வந்து சேருவார்கள். அச்சிட்ட நூல்கள் பலவற்றில் இந்த இடத்தில் ஒரே ஒரு துப்புதான் இருக்கும். அதுவும் ஒரு மேஜையின் இரகசிய அறைக்குள். அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்து மேலும் இரண்டு துப்புகளை எழுதிச் சேர்ப்பதே ஆயத்தத்தில் அதிகப் பிரயாசை வேண்டும் பகுதி. மைக் ஷே என்ற மற்றோர் எழுத்தாளர் இதைச் சற்று எளிதாக்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பத்து இரகசியங்களை இடம் குறிப்பிடாமல் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். ஆட்டக்காரர்கள் எங்கே தேடுகிறார்களோ அங்கே அவற்றில் ஒன்றைக் கிடைக்கச் செய்துவிடலாம். சத்திரக்காரியிடம் பேசினால் அவள் வாயிலிருந்து வரும்; பேசாமல் கிணற்றுக்குள் இறங்கினால் கிணற்றுச் சுவரில் எழுதியிருக்கும்.

கிணற்றுக்குள் ஏன் இறங்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். இறங்குவார்கள். வீரமாமுனிவர் அரியலூர்ச் சீமையைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் இருந்து தமிழ்ப்பணி செய்தவர்; அவர் எழுதிய ‘பரமார்த்த குரு கதை’யில் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்கள், ஆற்றைக் கடப்பதற்கு முன்னால் ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பரிசோதிக்கிறார்கள்; கடந்தபின் தம்மைத் தாமே எண்ணாமல் விட்டுவிட்டு, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதாக அழுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்த விளையாட்டின் ஆட்டக்காரர்களை இவ்வளவு துல்லியமாக வர்ணித்த நூல் வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வெளியில் சாதாரண புத்தியுடன் உத்தியோகம் பார்க்கிற ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவுடன், அக்கரையில் இராஜ்யமே அவர்களுக்காகக் காத்திருக்க, இக்கரையில் ஆற்றின் நித்திரையை ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள். அதைக் கண்டு நடத்துபவர் கோபிப்பது வீண். ஆற்றுக்கு ஒரு விருப்பத்தைக் கொடுத்துவிட்டால், அதாவது பொழுது சாய்ந்தால் வெள்ளம் ஏறும் என்று முதலிலேயே காதில் போட்டு வைத்துவிட்டால், விவாதம் தானே முடியும்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நாள், பகடை எதுவும் இல்லாமல், எல்லோரும் கூடிப் பேசிக்கொள்வது மேல்நாட்டில் வழக்கமாகியிருக்கிறது. இங்கே அது இன்னும் அவசியம். எவ்விதமான கதை, எவ்வளவு பயங்கரம் தாங்கும், எந்த விஷயம் யாருக்கு மனவேதனை தரும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கதையைத் தொடங்குவது விவேகமல்ல. சாமி விஷயத்திலும் ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் மரபாக வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறப்பதென்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. வாரத்தில் இரண்டே நாள் திறக்கும் ஒரு வாசல் என்ற அமைப்பைக் கதைக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களுக்குக் கெடு வைக்க அதைவிட நல்ல யுக்தி கிடைக்காது. அம்மனையே பாத்திரமாக்கிப் பகடை உருட்டுவது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் மேஜையில் யாராவது ஒருவருக்குச் சம்மதமில்லை என்றாலும் அத்தோடு விட்டுவிடுவதுதான் முறை.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும்படி வெளியிடப்பட்டன. நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகள் பெரம்பலூர்க் கடைத்தெருவில் அகப்படாவிட்டால், ஒன்று முதல் அந்தந்தப் பகடையின் முகங்களின் எண்ணிக்கை வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான்; எடுத்த சீட்டை மறுபடி டப்பாவில் போட மறக்கக்கூடாது, அவ்வளவே.

பாஷையைப் பற்றித்தான் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன். இந்த நூல்களில் ஒவ்வோர் அறைக்கும், சத்தமாக வாசிப்பதற்கென்றே கட்டம் கட்டி அச்சிட்ட ஒரு வர்ணனை இருக்கும். அதை ஆங்கிலத்திலேயே வாசித்தால், கேட்கிறவர்கள் இரண்டாம் வாக்கியத்தில் கைபேசியை எடுத்துவிடுவார்கள். முந்தின இரவே அதைத் தமிழில் இரண்டு வாக்கியமாகச் சுருக்கி, அந்த அறையில் மூக்குக்கு என்ன தெரியும், காதுக்கு என்ன கேட்கும் என்பதை முதலில் வைத்து எழுதிக்கொள்வது நல்லது. பாத்திரங்களும் அவரவர் தகுதிக்கேற்பப் பேசட்டும்: கில்லேதார் ‘தாங்கள்’ என்பார், சத்திரக்காரி ‘வாங்க தம்பி, கால் கழுவிட்டு உக்காருங்க’ என்பாள், பேட்டைக் காவல்காரன் எடுத்த எடுப்பில் ‘யாருடா அது?’ என்று அதட்டிவிட்டு, ஆட்டக்காரர் இடுப்பிலுள்ள வாளைக் கண்டதும் ‘அண்ணே, எந்த ஊருங்க?’ என்று இறங்குவான். ஆங்கிலத்தில் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டுவதற்கு அரைப் பக்கம் வசனம் வேண்டும். நமக்கு ஒரு விளியே போதும்.

எவ்வளவு தூரத்துக்கு ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வது என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. நூல் முழுவதையும் ஒரே மூச்சில் தயார் செய்கிறவர்கள், மூன்றாம் அத்தியாயத்தில் ஆட்டக்காரர்கள் வேறு திசையில் திரும்பியதும், செய்த உழைப்பு வீணாகிறதே என்ற ஆதங்கத்தில் அவர்களைப் பிடித்து இழுத்துவரப் பார்ப்பார்கள்; ஆட்டம் கெடுவது பெரும்பாலும் அந்த இழுப்பில்தான். நூலை முழுவதும் படித்திருக்க வேண்டும். தயார் செய்வது மட்டும் ஒரு சாயங்காலத்துக்குப் போதுமானதாக இருந்தால் சரி. கில்லேதாரின் தர்பார் முடிந்து, எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், ‘அடுத்த வாரம் எங்கே போவதாக உத்தேசம்? கோட்டைமேட்டுக்கா, காரைப் பள்ளத்துக்கா?’ என்று சாதாரணமாகக் கேட்டு வாங்கிக்கொண்டால், அடுத்த வாரத்துக்கு எந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.